கொல்லைப்புறத்து மலை

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நம் பெரியோர்கள் கண்டறிந்த உண்மை. ஆனால் அக்கரை மிகத் தூரத்தில் இருந்துவிட்டால் அந்தப் பச்சையின் அழகு பன்மடங்கு பெருகிவிடும் என்பதையும், அதைக் காண்பதற்கு ஆகாய விமானச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தமக்கையின் மகன் தன் மனைவியுடன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். காப்பி குடித்து முடித்ததும் நாலு பக்கமுள்ள ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தான்.

"மாமா, அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஏழு நாள் ஐரோப்பா போய்வரலாம் என்று உத்தேசம். பழைய நகரங்களைப் பார்ப்பது பாதி. மலைப் பக்கம் மெள்ள நடந்து உலாவுவது பாதி. நீங்கள் சரித்திரம் படித்தவர். திட்டத்தைத் திருத்திக் கொடுங்கள்" என்றான்.

இருபது வருஷ காலமாகப் பரீட்சைத் தாள் திருத்தி வரும் மனிதனிடம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அவன் கை தானாகவே சிவப்புப் பென்சிலைத் தேடும். நானும் தேடினேன்.

திட்டம் பிரமாதமாகத்தான் இருந்தது. ஸ்விட்ஸர்லாந்தில் லூஸர்ன், பெர்ன் என்ற இரண்டு நகரங்கள். பிறகு ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க். லூஸர்ன் நகரில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 1993-ம் வருஷம் அதில் பெரும் பகுதி தீக்கிரையாகிவிட, அவ்வூரார் அடுத்த வருஷமே அதைப் பழையபடி கட்டி முடித்தார்கள். ஸால்ஸ்பர்க் நகரின் தலைக்கு மேலே குன்றின்மீது நிற்கும் கோட்டை 1077-ம் வருஷத்தில் தொடங்கியது. இவற்றையெல்லாம் பார்க்க வேண்டியதுதான். எவன் வேண்டாம் என்பான்?

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தது. ஊருக்கு ஊர் மாறுவதில் பெட்டி கட்டுவதும் பெட்டி அவிழ்ப்பதுமாக ஒன்றரை நாள் கழிந்தது. மீதி மூன்றரை நாளில் மூன்று நகரங்கள், நான்கு மலை நடைகள்! இதற்குச் சீமைக்குப் போய்வருவது என்று பெயரே தவிர, சீமையைப் பார்ப்பது என்று பெயரல்ல. தவிரவும், ஷெங்கன் விஸா என்று ஒன்று உண்டு. பிரயாணத்துக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகவாவது அதற்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் செய்ய முடியாது. ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். 2024 ஜூன் மாதத்திலிருந்து பெரியவர்களுக்கு விஸாக் கட்டணம் 90 யூரோ. மனு நிராகரிக்கப்பட்டால் அந்தத் தொகை திரும்பி வராது.

"ஒரே நாடாக, ஒரே ஊராகப் பிடித்துக்கொள். அங்கேயே ஆறு நாள் தங்கு. காலையில் நகரம், மாலையில் மலை. அப்பொழுது அது உன் ஊராகவே ஆகிவிடும்" என்று திட்டத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதினேன். எழுதிய பிறகு, "அக்காவின் முழங்கால் என்ன சொல்கிறது?" என்றும் கேட்டேன்.

அக்கா அப்பொழுது கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மேற்கே கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரிந்தது. திரும்பிப் பாராமலே பதில் சொன்னாள்:

"முழங்கால் இருக்கட்டும் தம்பி. அறுபது வருஷமாய்த் துணி உலர்த்தும்போதெல்லாம் இந்த மலையைப் பார்க்கிறேன். அதன்மேல் என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. சீமை மலையை அப்புறம் பார்ப்போம்."

மருமகப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் என் சிவப்புப் பென்சிலைப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் பதினெட்டு வருஷமாக உபாத்தியாயராக இருக்கும் நான் அந்த மலைக்குப் போயிருப்பது இரண்டே தடவை. இரண்டும் தேர்தல் வேலைக்காக, வாக்குப்பெட்டியுடன் போய் வாக்குப்பெட்டியுடன் திரும்பியவை.

இன்னொரு நினைவும் என் மனத்தில் உறுத்தியது. என் வகுப்பில் மலைக் கிராமத்துப் பையன் ஒருவன் படிக்கிறான்; விடுதியில் தங்கியிருப்பவன். சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் "கள்ளக்குறிச்சி" என்றுதான் சொல்லுவான். மலை என்ற சொல் அவன் வாயிலிருந்து வராது. காரணம் எனக்குத் தெரியும். 2024 ஜூன் மாதத்தில் எங்கள் நகரின் கருணாபுரம் பகுதியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோன கோரத்தைத் தேசமே அறியும். மாண்டது நகரத்தில், விஷம் மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சரக்கு. ஆயினும் சாராயம் என்ற பேச்சு எழுந்தால் ஊரார் விரல் மலையை நோக்கித்தான் நீளும். அந்த விரலுக்கு அஞ்சி ஒரு பதினான்கு வயதுப் பையன் தன் ஊரின் பெயரை விழுங்கிக் கொண்டிருந்தான்.

ஆக, அன்று மாலை வேறொரு திட்டம் தயாராயிற்று. மருமகனுடைய சூத்திரத்தை மாற்றவில்லை: பழைய நகரம் பாதி, மெல்லிய மலை நடை பாதி. நாட்கள் நான்கு, காலம் தை மாதத்து விடுமுறை, தங்குமிடம் அக்காவின் வீடு. வெளியூர் அன்பர்கள் கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இதே திட்டத்தைப் பின்பற்றலாம். ரயிலில் வருவோர் சின்னசேலத்தில் இறங்கலாம். திருக்கோவிலூரையே முதலில் பார்க்க விரும்புவோருக்கு விழுப்புரம்–காட்பாடிப் பாதையில் அவ்வூருக்கே ஒரு நிலையம் உண்டு.

முதல் நாள் திருக்கோவிலூர். புறப்படும்போதே தவறு செய்தோம். சரித்திரம் படித்தவன் நான். கோயில் நடை சாத்தும் நேரத்தை மறந்தவனும் நானே. உச்சிப் பொழுதில் உலகளந்த பெருமாள் சந்நிதி வாசலில் போய் நின்றோம், கதவு சாத்தியிருந்தது. மாலை நாலு மணி வரை திறக்காது என்றார்கள். ஏறக்குறைய 190 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அதன் நிழலில் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தோம்.

நல்ல காலம், காத்திருப்பதற்கு ஏற்ற கதை அந்த ஊரிலேயே இருந்தது. மழை பெய்யும் ஓர் இருட்டு ராத்திரியில் பொய்கையாழ்வார் இந்த ஊரில் ஓர் இடைகழியில் படுத்திருந்தாராம். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். பேயாழ்வாரும் வந்தார், மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கவே, யார் என்று பார்த்தால் பெருமாள்! இடம் போதாமையிலிருந்து பிறந்ததுதான் முதல் மூன்று திருவந்தாதிகள். "ஆகையால் மோட்டாரில் பின் ஸீட்டு நெருக்கம் என்று இனிமேல் யாரும் புகார் சொல்லக்கூடாது" என்று அக்கா தீர்ப்புச் செய்தாள்.

தரிசனத்துக்குப் பிறகு கீழையூருக்குப் போனோம். சிவபெருமானின் அட்ட வீரட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தகாசுரனை வதைத்த ஸ்தலம் என்பார்கள். அதற்கு அருகில் தென்பெண்ணை ஆற்றில், ஒரு பெரிய பாறையும் அதன் உச்சியில் ஒரு சிறு கோயிலுமாக நிற்பதுதான் கபிலர் குன்று. பாரி மாண்டபின் அவன் மகளிரை மணமுடித்து வைக்கும் பொறுப்பைச் சுமந்து அலைந்த கபிலர், அந்தக் கடன் தீர்ந்ததும் உயிர் நீத்த இடம் என்று சொல்லப்படுவது. இது வெறும் செவிவழிச் செய்தி அல்ல. வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கபிலரையும் இந்தக் கல்லையும் குறிப்பிடுகிறது. ராஜராஜனின் தாயார் வானவன்மாதேவியும் இந்தத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குலத்தில் பிறந்தவளே.

ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. ஸால்ஸ்பர்க் கோட்டைக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு அறுபது வருஷத்துக்கு முன்பே இந்தக் கல்வெட்டு இங்கே இருந்திருக்கிறது. அன்றைக்கே அது பழைய கதையைச் சொல்லும் கல்வெட்டு! மருமகன் சற்று நேரம் பேசாமல் நின்றான். "மாமா, இந்தக் கல்லைப் பற்றி எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லையே!" என்றான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஓர் எச்சரிக்கை: பெண்ணையாற்றைச் சாதுவென்று நம்பி மழைக்காலத்தில் மணலில் இறங்கக் கூடாது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் எத்தகைய வெள்ளமாக வந்தது என்பதைக் கரையோரத்து ஜனங்கள் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் தியாகதுருகம். காலை ஆறு மணிக்கே மலையடியில் இருந்தோம். முதல் நாள் பாடம் வீண்போகவில்லை. குன்றின்மேல் கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளச் சண்டையிட்ட காலத்தில், இந்தக் கோட்டை கை மாறிக் கை மாறி, 1761-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. 1790-ல் திப்பு சுல்தானின் சேனை இதைத் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. யாருடைய மண்ணுக்காக யார் யார் சண்டையிட்டார்கள் என்று அந்தப் பாறையின்மேல் உட்கார்ந்து யோசித்தால், பாடப் புத்தகத்தில் வராத சரித்திரம் கொஞ்சம் விளங்குகிறது. அக்கா பாதி வழி ஏறி, ஒரு மர நிழலில் அமர்ந்துகொண்டாள். முழங்கால் நோய் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கஷ்டம். பாதியில் நிற்பது தோல்வி அல்ல, புத்திசாலித்தனம். பிற்பகல் வெயிலில் கள்ளக்குறிச்சி மரச் சிற்பக் கூடம் ஒன்றுக்குப் போனோம். இந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தசாவதாரம் வடித்துக்கொண்டிருந்த ஆசாரி, வாமனனுக்குப் பிறகு திரிவிக்கிரமன் காலைத் தூக்கும் கோணத்தை எங்களுக்கு விளக்கினார். முதல் நாள் பார்த்த மூர்த்தியை மறு நாள் மரத்தில் பிறக்கப் பார்ப்பது ஒரு பாக்கியம்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மலை. கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் இந்த மலையில் பிறப்பவை. சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் மலை இரண்டு பகுதி. பெரிய பகுதி ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரம். வெள்ளிமலைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது காற்றே வேறாக இருந்தது. அக்கா மோட்டாரை விட்டு இறங்கி, நாங்கள் வந்த திசையைப் பார்த்து, "நம் வீட்டுக் கொல்லை எங்கே?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பெரியார் நீர்வீழ்ச்சியை எளிதாகப் பார்த்துவிடலாம். மேகம் நீர்வீழ்ச்சிக்கோ காட்டு வழியே நடக்க வேண்டும். வழி தெரிந்தவர் துணையில்லாமலும், வனத்துறையாரைக் கேட்காமலும் போகக்கூடாது. எங்களுக்குத் துணையாக வந்தவர் என் மாணாக்கனுடைய தகப்பனார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பையனும் கூடவே வந்தான். விடுதியில் வாயைத் திறக்காத பிள்ளை, காட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு உபாத்தியாயராகிவிட்டான். இது கடுக்காய், இது காட்டுநெல்லி, இது கரடி கீறிய மரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். எங்கள் நடைக்கு ஏற்ப அவன் மெதுவாக நடந்தது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாமைச் சோறு உண்டோம். மலையாளிகள் என்று அழைக்கப்படும் இந்த மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. காஞ்சீபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறியதால் உண்டான வம்சம் தங்களுடையது என்பது அவர்களுடைய ஐதிகம். மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இந்த மலை இருந்தது. தேசம் 1947-ல் விடுதலை அடைந்தது. ஜாகீர் போய் அரசாங்கத்தின் நேர் நிர்வாகம் வந்ததோ 1976-ல்! சுதந்திரக் கொடி மலை ஏறுவதற்கு இருபத்தொன்பது வருஷம் பிடித்திருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு மருமகன் தன் கைபேசியில் ஸ்விட்ஸர்லாந்து மலைப் பாதைகளின் படங்களைப் பையனுக்குக் காட்டினான். அங்கே பாதைதோறும் மஞ்சள் நிறக் கைகாட்டிகள். இன்ன ஊருக்கு இத்தனை மணி நேர நடை என்று எழுதியிருக்கும். 1979-ல் ஜனங்கள் வாக்களித்து நடைபாதைகளைத் தங்கள் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இன்று சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதை அந்தச் சிறிய நாட்டில் பராமரிக்கப்படுகிறது.

பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, அங்கே எல்லாரும் ஆசைக்காகவா நடக்கிறார்கள்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"இங்கே நாங்கள் நடக்காவிட்டால் பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை" என்றான். குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னான். அவன் பாட்டியைத் துணியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய பாதையில்தான் அன்று காலை நாங்கள் காற்று வாங்க நடந்தோம் என்று அவன் தகப்பனார் கூறினார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இந்த மலை மக்களின் சாலை முதலிய வசதிகளைப் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டதை நான் பத்திரிகையில் படித்திருந்தேன். படித்ததற்கும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதற்கும் வித்தியாசம் இருந்தது. நமக்கு உல்லாசமாக இருக்கும் ஒற்றையடிப் பாதை ஒருவருக்குச் சுமையாக இருக்கிறதென்றால், உல்லாசத்தை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. சாலை போட வேண்டும் என்று கேட்கும் குரலில் நம் குரலையும் சேர்க்க வேண்டும். பாதையை நேசிப்பதற்கு முதலில் அதில் நடக்க வேண்டும், நடந்தவன்தான் கேட்பான்.

வாசகர்களுக்கு என் சிவப்புப் பென்சில் குறிப்புகள் இவை. நாளுக்கு ஓர் இடம் போதும். கோயிலுக்குக் காலையில் போங்கள்; கோட்டைக்கு வெயிலுக்கு முன் போங்கள். மழை ஓய்ந்து அருவியில் நீர் இருக்கும் மார்கழி, தை மாதங்களே மலைக்கு உகந்தவை. கெட்டியான செருப்பு, தொப்பி, குடிநீர், ஒரு கம்பளி, அத்துடன் ஒரு வெறும் பை: நீங்கள் கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதற்காக. தேனும் சாமையும் புளியும் மலையிலேயே பேரம் பேசாமல் வாங்குங்கள். வழி காட்டியவருக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். அது தருமமல்ல, சம்பளம். வாடகை மோட்டார் உட்பட எங்கள் செலவு, மூன்று பேருக்கு ஆகியிருக்கக்கூடிய விஸாக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதிதான்.

இதனால் சீமைப் பிரயாணம் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார் கண்டம் கண்டமாகத் திரிந்தவர். அவரே தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பிரயாணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து வெளியிட்டார். இரண்டும் ஒரே கண்ணின் வேலைதான். மருமகன் ஆனி மாதத்தில் லூஸர்னுக்குப் போகிறான். ஒரே ஊர், ஆறு நாள். அக்கா போகவில்லை. முழங்கால்தான் காரணம் என்கிறாள். மலைமேலிருந்து ஒரு செம்பருத்திப் பதியன் கொண்டுவந்து, துணி உலர்த்தும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் திறந்த பின் ஒரு நாள் வகுப்புக்கு அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளைகளை வரிசையாக ஊர் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பையனின் முறை வந்தது. அவன் எழுந்து நின்று ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான்.

"கல்வராயன் மலை, ஐயா" என்றான்.